கன்னத்துக் குறியும் புங்க எண்ணெயும்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தோல் தொழிலாளர் நலச் சங்கத்தைத் தம் தோளில் சுமந்துவரும் தலைவர் வேதாசலம் ஐயா அவர்களே, வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் கதிர் கொடுக்கும் அறையிலே கால் நூற்றாண்டு கடமையாற்றி, இன்று ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் ஒதுக்கிவைத்து நம்மிடம் வந்திருக்கும் ஹெப்சி அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து என்னை இப்போதே முறைத்துக்கொண்டிருக்கும் என் நாற்பதாண்டுத் தோழர் மேஸ்திரி ஜான் பாஷா அவர்களே, மேல்விஷாரத்துப் பெரியோர்களே, ஆற்காட்டிலிருந்தும் திமிரியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பாட்டாளித் தோழர்களே, ஆவாரம்பட்டை இடித்த கைகளே, சுண்ணாம்புக் குழியில் நின்ற கால்களே, எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு அவைக்கு வந்திருக்கும் என் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் அருணகிரியின் பணிவான வணக்கம்.

அந்தத் தாய்மார்கள் வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்திருப்பவள் ராஜம்மாள். என் மனைவி. இன்று நான் சொல்லப்போவது அவள் கதை. வீட்டிலேயே அனுமதி கேட்டேன். "சொல்லு, ஆனா நீ பண்ணதையும் சேர்த்துச் சொல்லு, உட்டுடாதே" என்றாள். விடமாட்டேன்.

முதலில் ஒரு சேதி. நேற்று மாலை ஒருவர் என் வீடு தேடி வந்தார். பேர் சொல்லமாட்டேன். எந்தத் தெரு என்றும் சொல்லமாட்டேன். வந்தவருக்கு நோயா, வந்தவர் வீட்டில் ஒருவருக்கு நோயா என்பதையும் சொல்லமாட்டேன். அவர்கள் வீட்டிலே ஒரு கல்யாணம். கல்யாண வீட்டிலே எண்ணெய் வைத்தார்கள், நலங்கு வைத்தார்கள், தலைக்கு ஊற்றினார்கள். அந்தக் குளியலிலே ஆஸ்பத்திரியில் போட்ட குறி அழிந்துவிட்டது. கதிர் சிகிச்சைக்காக உடம்பில் மையால் போடுவார்களே, அந்தக் குறி. அழிந்ததும் அச்சம் பிடித்துக்கொண்டது. போனால் திட்டுவார்கள், விரட்டிவிடுவார்கள் என்று நான்கு நாளாக ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பாதிச் சிகிச்சை முடிந்திருக்கிறது. பாதி பாக்கி நிற்கிறது. "நீங்க கூட்டத்துல பேசுறீங்களாமே, நாங்க இன்னா பண்ணலாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த நோயாளி இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். எந்தப் பக்கம் என்று நான் பார்க்கமாட்டேன். நீங்களும் திரும்பிப் பார்க்காதீர்கள். இன்றைக்கு நான் பேசுவது அந்த ஒருவருக்காக. மற்றவர்கள் கூடவே கேட்டுக்கொள்ளுங்கள்.

தோழர்களே, நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்து வாசலில் ஒதுங்கியவன் இல்லை. ஆனால் தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருஷம் குறி போட்டவன். ஒவ்வொரு லாட் தோலுக்கும் ஒரு குறி உண்டு. எந்த வியாபாரியின் தோல், எந்த நாள் குழியில் இறங்கியது, எந்த ரகம் என்பதையெல்லாம் அந்தக் குறி சொல்லும். கணக்கப்பிள்ளை காகிதத்தில் கிறுக்கிக் காட்டுவார். ஒரு தடவை பார்ப்பேன். நூறு தோலில் அதே குறி, அதே அளவு, அதே இடம். நூலளவு பிசகாது. அந்தக் கைக்கு அந்த வட்டாரத்தில் ஒரு பேர் இருந்தது. அந்தப் பேர்தான் என்னைப் படுகுழியில் தள்ளப் பார்த்தது.

தொண்ணூற்று நான்காம் வருஷம். ராஜம்மாளுக்கு இடது கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு. புகையிலையை அடக்கிவைக்கும் அதே இடம். வெள்ளை சிவப்பாச்சு, சிவப்பு புண்ணாச்சு. வெத்திலைச் சுண்ணாம்பு சுட்டுவிட்டது என்றாள். நானும் நம்பினேன். மூன்று மாசம் நம்பினேன். சோற்றுக்கு வாய் திறக்க முடியாமல் போனபிறகுதான் வேலூருக்குப் பஸ் ஏறினோம். சதை கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள். புற்று என்றார்கள்.

"புகையிலை போட்டா எல்லாருக்குமா வருது" என்று அங்கே யாரோ கேட்கிறார். எல்லோருக்கும் வராது ஐயா. ரயில் தண்டவாளத்தில் படுத்தவர்கள் எல்லோர் மேலும் ரயில் ஏறுவதில்லை. அதற்காகப் படுக்கலாமா? வாயில் ஒரு புண் மூன்று வாரத்தில் ஆறவில்லை என்றால் காட்டுங்கள். நான் மூன்று மாசம் காத்திருந்தேன். நீங்கள் காத்திருக்காதீர்கள்.

சிகிச்சை மூன்று விதம் என்று டாக்டர் எங்களுக்குச் சொன்னார். கத்தி ஒன்று, கதிர் ஒன்று, மருந்து ஒன்று. கத்தி என்றால் அறுத்து எடுப்பது. மருந்து என்றால் நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது. அது உடம்பு முழுக்க ஓடும், அதில்தான் தலைமுடி ஜாஸ்தி கொட்டும், வாந்தி வரும். கதிர் என்றால் ஒரு பெரிய மெஷினுக்குக் கீழே படுக்கவைத்து, நோய் உள்ள இடத்தில் மட்டும் பாய்ச்சுவது. கர்ப்பப்பையில் நோய் வந்த பெண்களுக்கு வெளியே இருந்து பாய்ச்சியது போதாமல், உள்ளே ஒரு குழாய் வைத்து அருகிலிருந்தும் கொடுப்பார்கள். ஒருத்தருக்கு ஒன்று போதும், ஒருத்தருக்கு இரண்டு வேண்டும், ஒருத்தருக்கு மூன்றும் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஊசி போட்டார்கள், எனக்கு ஏன் போடவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள். அவள் நோய் வேறு, உங்கள் நோய் வேறு.

ராஜம்மாளுக்குக் கதிர் என்று முடிவாச்சு. முப்பத்து மூன்று தடவை. திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று, சனி ஞாயிறு ஓய்வு. ஏழு வாரத்துச் சேதி. அதற்கு முன்னால் பல் டாக்டரிடம் அனுப்பி இரண்டு சொத்தைப் பல்லைப் பிடுங்கினார்கள். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் புண் லேசில் ஆறாதாம். அதனால் முன்னாலேயே எடுத்துவிடுகிறார்கள்.

முதல் நாள் மெஷின் அறைக்குள் போகும்போது அவள் என் கையைப் பிடித்த பிடி இருக்கிறதே, கடப்பாரையைப் பிடிப்பதுபோல் பிடித்தாள். கரண்ட் வைப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கொதிக்கும், கருகும், கத்தினாலும் திறக்கமாட்டார்கள் என்று ஒருத்தி சொல்லியிருந்தாள். உள்ளே போனாள். கதவை மூடினார்கள். சில நிமிஷம். கதவு திறந்தது. வெளியே வந்து என்னிடம் என்ன சொன்னாள் தெரியுமா?

"அவ்ளோதானா? இதுக்கா ராத்திரி பூரா நான் தூங்கல?"

கண்ணுக்குத் தெரியாது, கைக்குப் படாது, காந்தாது, குத்தாது. அப்படியென்றால் என்னதான் செய்கிறது அந்தக் கதிர்? ஹெப்சி அம்மாவிடம் நான் கேட்டேன். நம் உடம்பெல்லாம் பொடிப்பொடியான செல்களால் ஆனது என்றார்.

செல்போன் இல்லை தம்பி. சிரிக்காதே. இது வேற செல்லு.

நோய் பிடித்த செல் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், அடங்காமல் பெருகும். கதிர் போய் அந்தப் பெருகும் வித்தையை முறிக்கிறது. வழியில் இருக்கும் நல்ல செல்லுக்கும் அடி விழுகிறது. ஆனால் நல்ல செல் மறுநாளுக்குள் எழுந்து துணியைத் தட்டிக்கொள்ளும். கெட்டது அவ்வளவு லேசில் எழாது. அதனால்தான் ஒரேயடியாகக் கொடுக்காமல் தினம் கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள். அடிக்கிறார்கள், நல்லதை எழவிடுகிறார்கள், மறுபடி அடிக்கிறார்கள். நடுவிலே நாம் நான்கு நாள் போகாமல் நின்றால் என்ன ஆகும்? நல்லதோடு சேர்ந்து கெட்டதும் எழுந்துகொள்ளும். நாலு நாள் தானே என்று நினைக்கிறோம். நாலு நாள் நமக்குத்தான் கம்மி. அதற்கு ஜாஸ்தி.

இப்போது குறிக்கு வருகிறேன். முதல் நாளே அவள் கன்னத்திலிருந்து கழுத்து வரை ஊதா மையிலே ஒரு கட்டம் போட்டார்கள். நடுவில் ஒரு கூட்டல் குறி. காதுக்குக் கீழே ஒரு மூலையை மட்டும் வெட்டினாற்போல் ஒரு சாய்கோடு. எதற்கு? மெஷினிலிருந்து ஒரு விளக்கு வெளிச்சம் கட்டமாக விழும். அந்த வெளிச்சக் கட்டமும் மைக் கட்டமும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தவேண்டும். பொருந்தினால்தான் கதிர் போகவேண்டிய இடத்துக்குப் போகிறது என்று அர்த்தம். அன்றைக்கே ஹெப்சி அம்மா படித்துப் படித்துச் சொன்னார். சோப்புப் போடாதீங்க, தேய்க்காதீங்க, எண்ணெய் வைக்காதீங்க, பவுடர் போடாதீங்க, வெயில் படாமப் பாத்துக்குங்க. ஆண்பிள்ளையாக இருந்தால் அந்த இடத்தில் சவரம் செய்யாதீங்க. குறி மங்கினால் எங்களிடம் சொல்லுங்க.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம். தலையாட்டுவதில் நம்மை மிஞ்ச ஆள் உண்டா?

மூன்றாவது வாரம் கன்னம் கறுத்தது. கறுத்துக் காய்ந்தது. காய்ந்து வெடித்தது. பார்க்கிறவன் யார்? தோல்காரன். காய்ந்த தோலைக் கண்டால் தோல்காரனுக்குக் கை சும்மா இருக்குமா? குழியிலிருந்து எடுத்த தோல் காய்ந்தால் நாங்கள் என்ன செய்வோம்? புங்க எண்ணெய் தடவுவோம். தடவினால் தோல் மெழுகாகும், மடித்தாலும் முறியாது. முப்பது வருஷம் எத்தனை ஆயிரம் தோலுக்குத் தடவியிருக்கிறேன். என் பொண்டாட்டி தோலுக்குத் தடவமாட்டேனா?

சனிக்கிழமை சாயங்காலம் ஷாப்பிலிருந்து ஒரு சின்ன சீசாவில் புங்க எண்ணெய் கொண்டுவந்தேன்.

"அந்தம்மா எண்ணெ வைக்கக் கூடாதுன்னாங்களே" என்றாள்.

"அவங்களுக்குத் தோலப் பத்தி இன்னா தெரியும்" என்றேன்.

சொன்னேன் ஐயா. ஹெப்சி அம்மா சிரிக்கிறார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

இழைத்து இழைத்துத் தடவினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் தலையணை உறையிலே ஊதா, அவள் முந்தானையிலே ஊதா, கன்னத்திலே ஒன்றும் இல்லை. கட்டம் போச்சு, கூட்டல் குறி போச்சு, சாய்கோடு போச்சு. அவள் அழ ஆரம்பித்தாள்.

"நாளைக்கு எப்டிய்யா போறது? எண்ணெ வெச்சேன்னு தெரிஞ்சா உள்ளயே வுடமாட்டாங்க. பதினஞ்சு நாள் போனது வீணாப்போச்சு."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? போய் உண்மையைச் சொல்லலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். என்ன சொன்னேன்? "இதுக்கா அழறே? நான் போடுறேன் பாரு" என்றேன்.

மூன்று வாரமாகத் தினம் பார்த்த குறி. கண்ணை மூடினால் எதிரே நிற்கிறது. ஷாப்பிலே குறி போடும் பென்சில் ஒன்று உண்டு. ஈரம் பட்டால் ஊதாவாக எழுதும். அதை நனைத்துக்கொண்டேன். அவளை வெளிச்சத்தில் நாற்காலியில் உட்காரவைத்தேன். காதுமடலிலிருந்து இத்தனை விரல், வாய்க்கோடியிலிருந்து இத்தனை விரல். கட்டம், கூட்டல், சாய்கோடு. கண்ணாடியைக் காட்டினேன். "அப்டியே இருக்குதே" என்றாள். அந்த நேரம் பார்த்து வந்தவர் இதோ இந்த ஜான் பாஷா. "அச்சு அசல் தோஸ்த், டாக்டரே தோத்துப்போவான்" என்றார். தலையைக் குனிந்துகொள்ளாதீர் பாய், சொன்னீரா இல்லையா?

அத்தோடு விட்டேனா? அவளிடம் ஒரு பொய்யையும் சொல்லிக்கொடுத்தேன். "யாராவது கேட்டா, அதே குறிதான்னு சொல்லிடு."

திங்கட்கிழமை. அவள் உள்ளே போனாள். நான் வெளியே பெஞ்சில். போனால் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுவாள். பத்து நிமிஷம் ஆச்சு. பதினைந்து ஆச்சு. ஒரு நர்ஸ் வந்து, "ராஜம்மாள் வீட்டுக்காரர் யாருங்க, உள்ள வாங்க" என்றார்.

உள்ளே போனேன். மெஷின் இன்னும் ஓடவில்லை. ராஜம்மாள் மேஜைமேல் மல்லாந்து படுத்திருக்கிறாள். மேலேயிருந்து வெளிச்சக் கட்டம் கன்னத்தில் விழுகிறது. அதற்குப் பக்கத்திலே என் மைக் கட்டம். பொருந்தவில்லை. ஒரு விரல் அகலம் தள்ளி நிற்கிறது. நூலளவு பிசகாத கை ஐயா இது.

ஹெப்சி அம்மா கோபமாகக் கேட்கவில்லை. நிதானமாகக் கேட்டார். அந்த நிதானம்தான் என்னைக் கொன்றது.

"ஐயா, அம்மாகிட்ட கேட்டேன். நாங்க போட்ட அதே குறிதான்னு சொல்றாங்க. இப்ப உங்களைக் கேக்கறேன். இது நாங்க போட்டதுன்னா, இவங்க முகம் மாறியிருக்கணும். வீங்கியிருக்கணும், இல்ல கட்டி வளந்திருக்கணும். அப்ப டாக்டருங்க மறுபடி மொதல்லேந்து எல்லாம் பாக்கணும், சிகிச்சையையே மாத்தவேண்டி வரும். இது நீங்க போட்டதுன்னா அது வேற. ரெண்டுல எதுன்னு சொல்லுங்க."

பாருங்கள் தாய்மார்களே, என் பொய் எங்கே போய் நிற்கிறது என்று. ஒரு மைக்கோட்டை மறைக்கச் சொன்ன பொய், அவள் கன்னத்தில் இல்லாத கட்டியை வளர்த்துவிட்டது. ஒரு விரல் மேலே போனால் கண். ஒரு விரல் பின்னே போனால் முதுகுத்தண்டு நரம்பு. நடுவில் படுத்திருப்பவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். நான்தான் போட்டேன் என்று சொன்னால் முப்பது வருஷத்துப் பேர் போகும், ஆஸ்பத்திரியை விட்டு விரட்டுவார்கள் என்ற பயம். நான் போடவில்லை என்று சாதித்தால் அவளே கையைவிட்டுப் போய்விடுவாள்.

"நான்தாம்மா போட்டேன்" என்றேன். "எண்ணெ வெச்சதும் நான்தான். பொய் சொல்லச் சொன்னதும் நான்தான். அவள ஒண்ணும் சொல்லாதீங்க."

திட்டினாரா என்று கேட்கிறீர்களா? திட்டினார். "உங்களை நம்பித்தானே ஐயா வீட்டுக்கு அனுப்பறோம்" என்றார். அது போதுமே.

"ஆனா அளவு பிசகலையேம்மா, எப்டித் தள்ளிப்போச்சு" என்று நான் கேட்டேன். அந்த நேரத்திலும் கேட்டேன், புத்தி போகுமா? அவர் பேனாவை எடுத்து என் கழுத்தில், காதுக்குக் கீழே, ஒரு புள்ளி வைத்தார். கண்ணாடி முன்னால் நிறுத்தினார். "நேரா பாருங்க. இப்ப தலையத் திருப்புங்க. இப்ப அண்ணாந்து பாருங்க" என்றார். தலையைத் திருப்பினேன், புள்ளி நகர்ந்தது. அண்ணாந்தேன், இன்னும் நகர்ந்தது. அவர்கள் குறி போட்டது அவளைப் படுக்கவைத்து, தாடையைத் தூக்கிவைத்து. நான் போட்டது உட்காரவைத்து. மேஜைமேல் போட்ட மாட்டுத்தோல் போட்ட இடத்தில் கிடக்கும். உயிருள்ள தோல் கிடக்குமா? படுத்தால் சரியும், எழுந்தால் இறங்கும், சிரித்தால் ஏறும். முப்பது வருஷம் தோலோடு வாழ்ந்தவனுக்கு, உயிருள்ள தோல் எது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று கதிர் கொடுக்கவில்லை. டாக்டர் வந்தார். மறுபடி படுக்கவைத்து, எக்ஸ்ரே பார்த்து, அவர்கள் எழுதிவைத்திருந்த அளவையெல்லாம் சரிபார்த்துப் புதுக்குறி போட்டார்கள். மறுநாள் கதிர் கொடுத்தார்கள். போன ஒரு நாளைக் கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். பதினைந்து நாளும் வீணாகவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

ஆனால் எனக்கு இன்னொன்று நடந்தது. கழுத்தில் வைத்த புள்ளியை அழிக்க மறந்துவிட்டேன். அந்தப் புள்ளியோடு பஸ் ஏறினேன். ராஜம்மாள் பெண்கள் பக்கம் போய்விட்டாள். என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் கழுத்தைப் பார்த்தார். கையிலிருந்த பையைப் பார்த்தார், ஆஸ்பத்திரி அட்டை தெரிந்தது. மெதுவாக எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சீட்டு காலி. நின்றுகொண்டிருந்த யாரும் அதில் உட்காரவில்லை. மேல்விஷாரம் வரை நான் ஒருத்தனே இரண்டு பேர் சீட்டில் ஜமீன்தார் மாதிரி வந்தேன்.

இறங்கினதும் சொன்னேன். "பாத்தியா, ஒரு புள்ளிக்கே எழுந்துட்டான்" என்றேன். அவள் சொன்னாள்: "எனக்கு மூணு வாரமா அப்டித்தான். நீதான் பக்கத்துல இல்லியே, உனக்கு எப்டித் தெரியும்?"

ஒரு புள்ளிக்கே எனக்கு நெஞ்சு வலித்தது. அவள் முகத்தில் ஒரு கட்டத்தையே சுமந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவையோரே, இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். புற்று ஒட்டுவதில்லை. தொட்டால் வராது, பக்கத்தில் உட்கார்ந்தால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. மெஷினுக்குக் கீழே படுத்து எழுந்து வந்தவரிடம் கதிர் தங்கியிருக்காது. விளக்கை அணைத்தால் அறையில் வெளிச்சம் தங்குமா? அதுபோலத்தான். பேரப்பிள்ளையைத் தூக்கலாம், கொஞ்சலாம். உள்ளே குழாய் வைக்கும் சிகிச்சைக்கு மட்டும் அங்கே என்ன சொல்கிறார்களோ அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலு வாரம் தாண்டியதும் வாய் முழுக்கப் புண். எச்சில் வற்றியது. குழம்பு மண்ணாட்டம் இருக்கிறது என்றாள். உப்பும் சோடாமாவும் கலந்த தண்ணீரில் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கொப்பளிக்கச் சொன்னார்கள். கஞ்சி, பால், தயிர், அரைவேக்காடாக இல்லாமல் நன்றாக வேகவைத்து மசித்த முட்டை, இப்படித்தான் உள்ளே போச்சு. உடம்பு இளைத்தால் சிகிச்சையைத் தாங்காது, அதனால் காரமில்லாமல் எதையாவது சாப்பிட்டே ஆகவேண்டும். முடியாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் வைப்பார்கள். அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான்.

எட்டு நாள் பாக்கி இருக்கும்போது, "நான் இனிமே வரல, பேஜாராப் போச்சு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் கெஞ்சினேன். ஜான் பாஷா வந்தார்.

"இன்னாம்மா, குழியில போட்ட தோல பாதி நாள்ல எடுத்தா இன்னா ஆவும்? பச்சையும் இல்ல, பதமும் இல்ல, நாறிப்போவும்" என்றார்.

"நான் இன்னா மாட்டுத்தோலா பாய்? ஏற்கெனவே ஒரு ஆளு என்னை அப்டித்தான் நெனச்சிக்கினு எண்ணெ தடவினாரு" என்றாள்.

சிரித்தாள். அந்த வாய்ப்புண்ணோடு சிரித்து, வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "வர்றேன். ஆனா நாளைக்கு அந்தம்மாகிட்ட, எனக்குத் தாங்கலன்னு நீ சொல்லணும். மூடி மறைக்கக் கூடாது."

சொன்னேன். வலிக்கு மருந்து மாற்றிக் கொடுத்தார்கள். எட்டு நாளும் முடிந்தது. முப்பத்து மூன்றும் முடிந்தது. புண் ஆற ஒரு மாதம் ஆச்சு. நாக்குக்கு ருசி வர ஆறு மாதம். எச்சில் முன்னே மாதிரி இன்னும் சுரக்கவில்லை, எங்கே போனாலும் தண்ணீர் பாட்டிலோடுதான் போகிறாள். புகையிலை அன்றோடு சரி. ஒன்பது வருஷம் ஆகிறது. எல்லோருக்கும் இப்படித்தான் முடியும் என்று நான் சொல்லமாட்டேன். எங்களோடு அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த எல்லோரும் இன்றைக்கு இல்லை. ஆனால் பாதியில் நின்றவர்களுக்கு அந்த வாய்ப்பே இல்லாமல் போனது. அதைக் கண்ணால் பார்த்தேன்.

இப்போது நேற்று வந்தவருக்கு என் பதில். அழிந்த குறியை நீங்களே போடாதீர்கள். ஓவியன் போட்டாலும் தப்பு, டாக்டரே வீட்டில் உட்காரவைத்துப் போட்டாலும் தப்பு. மறைக்காதீர்கள். எந்தத் தைலமானாலும், நாட்டு மருந்தானாலும், வைப்பதற்கு முன்னால் கேளுங்கள், வைத்துவிட்டால் சொல்லுங்கள். நான்கு நாள் போனது போகட்டும். ஐந்தாவது நாளை விடாதீர்கள்.

என்னம்மா? அந்தப் பக்கம் ஒரு தாய் கேட்கிறார். சத்தமாகச் சொல்லுங்கள். "போனா திட்டமாட்டாங்களா?"

நான் எப்படி அம்மா இல்லை என்று சொல்வேன்? திட்டலாம். ஒரு நிமிஷம் திட்டலாம். ஹெப்சி அம்மாவைக் கேட்போம். ஹெப்சி அம்மா, திட்டுவீர்களா?

"குறி அழிஞ்சதுக்குத் திட்டமாட்டேன், வராம இருந்ததுக்குத் திட்டுவேன்" என்கிறார். கேட்டுக்கொண்டீர்களா? திட்டு நான்கு நாளுக்கு வாங்குவது லேசா, நாற்பது நாளுக்கு வாங்குவது லேசா?

அங்கே போய்க் கதை சொல்லவேண்டாம். கல்யாணத்தைச் சொல்லவேண்டாம். எண்ணெய் வைத்தவர்களைக் குறை சொல்லவேண்டாம். கதிர் அறை வாசலில் நின்று சொல்லவேண்டியது ஒரே வார்த்தை. "குறி அழிஞ்சிடுச்சு." அவ்வளவுதான். அதற்கு மேல் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எனக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வர ஒரு ஞாயிற்றுக்கிழமையும், ஒரு பொய்யும், பதினைந்து நிமிஷமும் ஆச்சு. உங்களுக்கு அவ்வளவு நேரம் ஆகவேண்டாம். எங்கே, இந்தக் கூட்டத்தில் உள்ள அத்தனை பேரும் என்னோடு ஒரு தடவை சொல்லுங்கள். வேதாசலம் ஐயா, நீங்களும்தான். பாய், நீரும். தாய்மார்களே, பின்னால் நிற்கும் தம்பிகளே, உரக்கச் சொல்லுங்கள்.

குறி அழிஞ்சிடுச்சு.

போதவில்லை. வாசல்வரை கேட்கவேண்டும்.

குறி அழிஞ்சிடுச்சு.

நல்லது. இத்தனை குரலில் எது யார் குரல் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஒருவரும் இப்போது சொல்லியிருப்பார். ஒருமுறை சொல்லிவிட்ட வாய்க்கு மறுமுறை சொல்வது கஷ்டமில்லை. நாளைக்குத் திங்கட்கிழமை. எட்டு மணிக்கு அந்த அறைக் கதவு திறக்கும்.

இத்தனை நேரம் என் குற்றத்தைப் பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், பேச இடம் தந்த சங்கத்துக்கும், கன்னத்துக் கதையைக் கடன் கொடுத்த ராஜம்மாளுக்கும் என் நன்றி. போகிற வழி எல்லோருக்கும் நல்ல வழியாகட்டும். வணக்கம்.